பழைய பாட்டுகளும் புதிய மென்பொருளும்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன: பல ஆண்டுகள் பழகிய ஒலிப்பதிவு மென்பொருளை விட்டு வேறொன்றுக்கு மாறுவது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வணக்கம். எட்டு ஆண்டுகளாக ஒரே மென்பொருளில்தான் என் பாட்டுகளைப் பதிவு செய்துவருகிறேன். இனிப் புதிய பதிப்பு வராது என்று அதைத் தயாரித்தவர்கள் அறிவித்துவிட்டார்கள். அண்மையில் வாங்கிய கணினியில் அது பாதியிலேயே நின்றுபோகிறது. வேறொரு மென்பொருளை வாங்கிவிட்டேன். ஆனால் நாற்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகள் பழைய மென்பொருளின் கோப்புகளாகவே கிடக்கின்றன, புதியது அவற்றைத் திறக்க மறுக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இந்த நிலைக்கு ஆளானவர்கள் உங்களுக்கு முன்பும் பலர் இருந்திருக்கிறார்கள். லாஜிக் மென்பொருளை உருவாக்கிய எமாஜிக் நிறுவனத்தை 2002-இல் ஆப்பிள் வாங்கியதும், விண்டோஸ் கணினிகளுக்கான லாஜிக் நிறுத்தப்பட்டது. 2017 நவம்பரில் சோனார் மென்பொருளின் வளர்ச்சிப் பணி நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. (மறு ஆண்டே அது வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போய், இலவசமாகவே வெளிவந்தது என்பது தனிக் கதை.) எனவே, எந்த மென்பொருளும் நம் ஆயுள் முழுவதும் கூட வரும் என்று எண்ணிக்கொண்டு பாட்டுகளை அதன் கோப்பாகவே விட்டுவைப்பது நல்லதன்று.

முதலில் அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். நீங்கள் பாடியது அதற்குள் இல்லை. பாடியது பக்கத்திலுள்ள ஒரு கோப்புறையில் வேவ் கோப்புகளாகக் கிடக்கிறது. எந்த வேவ் கோப்பு எந்த நொடியில் தொடங்குகிறது, எங்கே வெட்டப்பட்டிருக்கிறது, எந்தப் பிளக்-இன் (ஒலியை மாற்றவோ உருவாக்கவோ மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்) எந்த அளவில் வைக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்புகள் மட்டுமே மென்பொருளின் கோப்பில் உள்ளன. அந்தக் குறிப்பேட்டை ஒவ்வொரு மென்பொருளும் தனக்கே உரிய முறையில் எழுதிக்கொள்வதால்தான் ஒன்று எழுதியதை மற்றொன்றால் படிக்க முடிவதில்லை. இந்தச் சுவரைத் தாண்டுவதற்கு ஓஎம்எஃப், ஏஏஎஃப் என்ற பரிமாற்ற வடிவங்கள் பல ஆண்டுகளாகவே இருக்கின்றன. 2023-இல் பிட்விக், பிரிசோனஸ் ஆகிய நிறுவனங்கள் டாபுராஜெக்ட் (DAWproject) என்ற திறந்த வடிவம் ஒன்றையும் வெளியிட்டன. உங்களுடைய இரண்டு மென்பொருள்களும் இவற்றில் ஏதேனும் ஒன்றை ஏற்குமானால் முயன்று பாருங்கள். ஆனால் முதலிரண்டும் ஒலித்துண்டுகளையும் அவை நின்ற இடங்களையும்தான் நம்பத்தக்க வகையில் கொண்டுவரும். பிளக்-இன் அமைப்புகளை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. டாபுராஜெக்ட் அவற்றையும் கொண்டுவரக்கூடியது என்றாலும், அதே பிளக்-இன் புதிய இடத்திலும் இயங்கினால்தான் பயன்.

ஆகவே நான் பரிந்துரைப்பது பழைய, சலிப்பூட்டுகிற, ஒருபோதும் கைவிடாத வழி. பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு பாட்டையும் திறந்து, ஒவ்வொரு டிராக்கையும் (குரல், வாத்தியம் ஒவ்வொன்றுக்குமான தனித் தடம்) பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்து முடிவுவரை ஒரே நீளமுள்ள வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். இரண்டாவது சரணத்தில் மட்டும் வருகிற வயலினாக இருந்தாலும் அதன் கோப்பு பூஜ்யத்திலிருந்தே தொடங்க வேண்டும். முன்னால் உள்ள அமைதியும் சேர்ந்தே வரட்டும். அப்போதுதான் எந்த மென்பொருளிலும் எல்லாக் கோப்புகளையும் இடது ஓரத்தில் ஒட்டிவைத்தவுடன் பாட்டு தானாகப் பொருந்திக்கொள்ளும். இதை இரண்டு முறை செய்ய வேண்டும்: பிளக்-இன்கள் இயங்கும் நிலையில் ஒரு முறை, அவற்றையெல்லாம் அணைத்துவிட்டு ஒரு முறை. முதல் தொகுப்பு பாட்டு எப்படி ஒலித்தது என்பதைக் காக்கும். இரண்டாவது தொகுப்பு, பிற்காலத்தில் மறுபடியும் மிக்ஸ் செய்ய விரும்பினால் உதவும். பல டிராக்குகளுக்குப் பொதுவாக வைத்த ரிவெர்பை (எதிரொலி எஃபெக்ட்) தனி டிராக்காக எடுத்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் வாசித்த பகுதிகளை ஒலியாக மட்டுமன்றி மிடிக் கோப்பாகவும் (எந்த விசை எப்போது அழுத்தப்பட்டது என்ற குறிப்பு) எடுங்கள். டெம்போ, அது நடுவில் மாறினால் மாறும் இடம், சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண்), பாடல் வரிகள் ஆகியவற்றை ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதி அதே கோப்புறையில் வையுங்கள். இறுதி மிக்ஸையும் மறவாமல் உடன் வையுங்கள்.

இடம் போதுமா என்ற கவலை எழலாம். 48,000 சாம்பிள் ரேட், 24 பிட் அளவில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 எம்பி பிடிக்கும். நான்கு நிமிடப் பாட்டில் 20 டிராக்குகள் இருந்தால் சுமார் 690 எம்பி. இரண்டு தொகுப்புக்கும் சேர்த்து ஒன்றரை ஜிபிக்குள் அடங்கிவிடும். நாற்பது பாட்டுகளுக்கும் ஒரு சிறிய வெளிவட்டு தாராளமாகப் போதும்.

எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று காதை மட்டும் நம்பி முடிவுசெய்ய வேண்டாம். பிளக்-இன்களோடு எடுத்த தொகுப்பைப் புதிய மென்பொருளில் அடுக்கி, அதன் பக்கத்தில் பழைய இறுதி மிக்ஸையும் வைத்து, மிக்ஸின் ஃபேஸை மட்டும் தலைகீழாக்கி, அதாவது அலையின் மேடு பள்ளங்களை இடம் மாற்றி, இரண்டையும் ஒன்றாக இயக்குங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, ஒன்றும் கேட்காது. எங்கேனும் ஒரு வாத்தியம் தனியாக எட்டிப்பார்த்தால் அந்த டிராக்தான் விடுபட்டிருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனைக்கென ஒரு மிக்ஸை, எல்லா டிராக்குகளும் வந்து சேரும் மாஸ்டர் டிராக்கில் உள்ள கம்ப்ரெஸரையும் லிமிட்டரையும் (ஒலியின் ஏற்றத்தைக் கட்டுப்படுத்துபவை) அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். அவை எல்லா ஒலிகளின் மொத்தத்தையும் கேட்டு வேலை செய்பவை என்பதால் தனித்தனி டிராக்குகளின் கூட்டலோடு ஒருபோதும் ஒத்துப்போகா. கோரஸ் போன்று ஒவ்வொரு முறையும் சற்று வேறாக ஒலிக்கும் எஃபெக்டுகள் மெல்லிய எச்சத்தை விட்டுவைக்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஏற்றுமதி செய்வது வேறு, புதிய மென்பொருளில் எல்லாவற்றையும் மறுபடி கட்டுவது வேறு. முதலாவதை எல்லாப் பாட்டுகளுக்கும் செய்யுங்கள். இரண்டாவதைத் தேவை வரும்போது மட்டும் செய்யுங்கள். பாதியில் நிற்கும் பாட்டுகள் இரண்டு மூன்று இருந்தால், அவற்றைப் பழைய கணினியில், பழைய மென்பொருளிலேயே முடித்துவிடுவதுதான் என் கருத்துப்படி மேலானது. இந்த விஷயத்தில் எனக்கொரு தழும்பு உண்டு. பத்துப் பாட்டுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தேன். உரிமத்தை இணையத்தில் சரிபார்க்கும் சேவை ஒருநாள் நிறுத்தப்பட்டது. மென்பொருள் திறக்கவே மறுத்தது. பாடிய குரல் வேவ் கோப்புகளாகக் கிடைத்தது, ஆனால் டேக் 3, டேக் 17 (எத்தனையாவது முறை பாடியது என்ற எண்) என்ற பெயர்களோடு நூற்றுக்கணக்கான துண்டுகளாக.

கேள்வி: புதிய மென்பொருளில் பாடும்போது என் குரல் ஹெட்ஃபோனில் சற்றுத் தாமதமாக வந்து சேர்கிறது. அதே மைக், அதே ஆடியோ இன்டர்ஃபேஸ், அதே கணினி. பழைய மென்பொருளில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. புதியது கனமானது என்பதாலா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பழைய மென்பொருளில் எப்போதோ ஒருமுறை நீங்கள் சரிசெய்து மறந்துபோன அமைப்பு, புதியதில் இன்னும் செய்யப்படவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும்.

கணினி ஒலியைத் துளித்துளியாகக் கையாள்வதில்லை. ஒரு வாளி நிறையும்வரை காத்திருந்து, நிறைந்ததும் மொத்தமாகக் கொண்டுபோகிறது. அந்த வாளிக்குத்தான் பஃபர் என்று பெயர். பஃபர் 1,024 சாம்பிள் என்றும் சாம்பிள் ரேட் 44,100 என்றும் இருந்தால், ஒரு வாளி நிறைய ஏறத்தாழ 23 மில்லிநொடி ஆகும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், எட்டு மீட்டர் தள்ளி நின்று ஒருவர் பாடுவதைக் கேட்பதற்கு இது சமம். உள்ளே வரும்போது ஒரு வாளி, வெளியே போகும்போது ஒரு வாளி என்று இது இரட்டிப்பாகும். பஃபரை 128-க்குக் குறைத்தால் ஒரு வாளிக்கு 3 மில்லிநொடிகூட ஆகாது. பதிவு செய்யும்போது 128 அல்லது 64. மிக்ஸ் செய்யும்போது, அதாவது யாரும் பாடாதபோது, 1,024 என்று மாற்றிக்கொள்வது பலருடைய வழக்கம். குறைத்தவுடன் கரகரப்போ வெடிப்போ கேட்டால், கணினியால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒரு படி ஏற்றிவிடுங்கள்.

விண்டோஸ் கணினியாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். புதிதாக நிறுவிய மென்பொருள் சில வேளைகளில் கணினியின் பொதுவான ஒலி டிரைவரையே பிடித்துக்கொள்ளும். அமைப்புப் பக்கத்துக்குச் சென்று, உங்கள் இன்டர்ஃபேஸைத் தயாரித்தவர்கள் தந்த ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். பஃபரை மாற்றியும் பயனில்லாமல் தவிக்கும் பலரின் சிக்கல் இந்த ஒரே மாற்றத்தில் தீர்ந்திருக்கிறது.

இவையிரண்டும் சரியாக இருந்தும் தாமதம் தொடர்ந்தால், மாஸ்டர் டிராக்கைப் பாருங்கள். புதிய மென்பொருளோடு வரும் தயார்நிலை டெம்ப்ளேட்டுகளில் லிமிட்டரோ லீனியர் ஃபேஸ் ஈக்வலைசரோ ஏற்கெனவே போடப்பட்டிருக்கலாம். வரப்போகும் ஒலியை முன்கூட்டியே எட்டிப்பார்த்து வேலை செய்யும் பிளக்-இன்கள் அவை. அந்த எட்டிப்பார்க்கும் நேரம் உங்கள் குரலின் மேல் ஏறிவிடுகிறது. பதிவு முடியும்வரை அவற்றை அணைத்துவையுங்கள்.

கேள்வி: மாறிய பிறகு அதே பதிவு இன்னும் தெளிவாக, இன்னும் உரத்துக் கேட்கிறது. இந்த மென்பொருளின் ஒலித்தரம் உண்மையிலேயே மேலானதா?

பதில்: உங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஒலிகளைக் கூட்டுவது வெறும் எண்களைக் கூட்டும் வேலைதான். இன்றைய மென்பொருள்கள் யாவும் அதைப் பிழையின்றிச் செய்கின்றன. வேறுபாடு பெரும்பாலும் பேன் விதியிலிருந்து, அதாவது ஒலியை இடம், நடு, வலம் என்று நிறுத்தும்போது அதன் அளவை மென்பொருள் எவ்வளவு மாற்றுகிறது என்பதிலிருந்து வருகிறது. நடுவில் வைத்த மோனோ ஒலியைச் சில மென்பொருள்கள் 3 டெசிபெல் தணித்து அனுப்புகின்றன, சில 4.5 டெசிபெல், சில தணிப்பதே இல்லை. குரல், பேஸ், முக்கியமான தாள வாத்தியம் ஆகியவை நடுவில்தான் இருக்கும் என்பதால் அவை மட்டும் முன்னே வந்து நின்று, பாட்டே தெளிந்துவிட்டது போன்ற மயக்கத்தைத் தருகின்றன. சற்று உரத்த ஒலி சற்று மேலான ஒலியாகத் தோன்றுவது காதின் இயல்பு. இரண்டிலும் பேன் விதியை ஒன்றாக வைத்து, மறுபடி கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: புதிய மென்பொருளின் கையேடு ஆயிரம் பக்கத்தைத் தாண்டுகிறது. இரண்டு மாதமாக விளக்கக் காணொளிகளைப் பார்த்துவருகிறேன். ஆனால் இன்றுவரை ஒரு பாட்டைக்கூட முடிக்கவில்லை; எந்த வசதிகளை முதலில் கற்க வேண்டும்?

பதில்: காணொளிகளை இன்றே நிறுத்திவிடுங்கள் என்று சொல்வேன். ஒரு குரல், ஒரு கிதார், இரண்டு நிமிடம்; இப்படியொரு சிறிய பாட்டை எடுத்துக்கொண்டு, பதிவிலிருந்து இறுதி ஏற்றுமதிவரை கொண்டுபோய் முடியுங்கள். அது நன்றாக வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வழியில் எங்கே கை தடுமாறுகிறதோ அங்கே கையேட்டின் அந்தப் பக்கத்தை மட்டும் திறவுங்கள். ஆயிரம் பக்கக் கையேடு தேடிப் பார்ப்பதற்காக எழுதப்பட்டது. அதைத் தொடக்கத்திலிருந்து படித்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இருந்தாலும் ஒரு வசதியை மட்டும் நேரம் ஒதுக்கிப் பழகச் சொல்வேன்: பல டேக்குகளைப் பாடி, சிறந்த பகுதிகளைக் கோத்து ஒன்றாக்குவது, அதாவது காம்ப்பிங். பெரும்பாலான மென்பொருள்களில் இது உண்டு. ஆனால் கையாளும் முறையில் இதைப் போல வேறுபடுவது வேறெதுவும் இல்லை. சிலவற்றில் டேக்குகள் ஒரே டிராக்கின் கீழ் அடுக்கடுக்காக விரியும்; வேண்டிய பகுதியின் மேல் மவுஸை இழுத்தால் அது தேர்வாகிவிடும். வேறு சிலவற்றில் டேக்குகளை வெட்டி மேலே உள்ள வரிக்கு நகலெடுக்க வேண்டும். பழைய முறையைப் புதியதில் தேடித் திணறுவதைவிட, மூன்று வரியை நான்கு முறை பாடி ஒரு மாலைப்பொழுதை இதற்கென்றே செலவிடுங்கள்.

எங்கே வெட்டுவது என்பதற்கு நம் மொழியே வழிகாட்டும். ‘பட்டு’, ‘அக்கா’, ‘முத்து’ போன்ற சொற்களில் இரட்டித்த வல்லினம் வரும்போது, மூச்சு முற்றிலும் அடைபட்டு ஒரு கணம் ஒலியே இருப்பதில்லை. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த வெற்றிடம் கண்ணுக்கே தெரியும். அங்கே வெட்டி ஒட்டினால் தையல் எவர் காதுக்கும் படாது. மாறாக, நீளும் உயிரெழுத்தின் நடுவிலோ ‘ம்’, ‘ல்’ போன்ற ஒலிகளின் நடுவிலோ வெட்ட நேர்ந்தால், இரு பக்கமும் சில மில்லிநொடி கிராஸ்ஃபேடு (ஒன்று தேய மற்றொன்று எழும் இணைப்பு) கட்டாயம் வேண்டும். வரிக்கு முன்னால் வரும் மூச்சொலியை அந்த வரியோடேயே சேர்த்து எடுங்கள். ஒரு டேக்கின் மூச்சும் இன்னொரு டேக்கின் சொல்லும் அரிதாகவே பொருந்துகின்றன.

ஆட்டோமேஷனில், அதாவது பாட்டு ஓடும்போது ஒலி அளவு முதலியவற்றின் மாற்றங்களை மென்பொருளில் எழுதிவைப்பதில், ஓர் எச்சரிக்கை. டச், லாட்ச், ரைட் என்ற மூன்று முறைகளும் பெயரளவில் பல மென்பொருள்களில் ஒன்றாகவே இருக்கும். டச்சில் ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) விட்டவுடன் அது பழைய நிலைக்குத் திரும்பும். லாட்ச்சில் விட்ட இடத்திலேயே நின்று தொடர்ந்து எழுதும். ரைட்டில் நீங்கள் ஃபேடரைத் தொடாவிட்டாலும், முன்பு எழுதியதை அழித்துக்கொண்டே போகும். எந்த முறையில் இருக்கிறோம் என்பதைப் பார்க்காமல் பாட்டை ஓடவிட்டு, ஒரு நாள் வேலையை இழந்தவர்கள் உண்டு. மிடிப் பகுதியை நகலெடுக்கும்போதும் கவனம் தேவை: சில மென்பொருள்களில் நகல் தனித்து நிற்காமல் மூலத்தோடு கட்டப்பட்டிருக்கும், கடைசிப் பல்லவியில் மாற்றிய ஒரு ஸ்வரம் முதல் பல்லவியிலும் மாறிப்போகும்.

கீபோர்டு ஷார்ட்கட்டுகளைப் பழைய மென்பொருளின்படியே மாற்றி அமைத்துக்கொள்ளலாமா என்று பலரும் கேட்கிறார்கள். ஸ்டூடியோ ஒன் போன்ற சில மென்பொருள்கள் பிற மென்பொருள்களின் ஷார்ட்கட் தொகுப்புகளை ஆயத்தமாகவே தருகின்றன. முதல் வாரத்துக்கு அது இதமாக இருக்கும். ஆனால் கையேடும் உதவிக்கு வரும் நண்பரும் வேறு விசைகளைச் சொல்ல, உங்கள் விரல்கள் வேறொன்றைச் செய்துகொண்டிருக்கும். நாள்தோறும் தொடுகிற பத்து ஷார்ட்கட்டுகளை அதன் முறையிலேயே ஒரு தாளில் எழுதித் திரைக்கு அருகில் ஒட்டிக்கொள்வதையே நான் விரும்புகிறேன். மூன்றாவது வாரத்தில் அந்தத் தாளைப் பார்ப்பதை விட்டுவிடுவீர்கள்.

கேள்வி: பணம் கொடுத்து வாங்கிய பிளக்-இன்கள் புதிய மென்பொருளில் இயங்குமா?

பதில்: மென்பொருளை வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. விஎஸ்டி, ஏயு, ஏஏஎக்ஸ் என்று பிளக்-இன் வடிவங்கள் மூன்று முதன்மையானவை. லாஜிக் புரோ ஏயு வடிவத்தை மட்டுமே ஏற்கும். புரோ டூல்ஸ் ஏஏஎக்ஸ் வடிவத்தை மட்டுமே ஏற்கும். ஏனைய பெரும்பாலானவை விஎஸ்டியை ஏற்கும். ஒரே பிளக்-இன்னைப் பல வடிவங்களிலும் சேர்த்தே தருவது இன்று பரவலான வழக்கம் என்பதால், நிறுவும் கோப்பை மறுபடி இயக்கி, வேண்டிய வடிவத்தைத் தேர்ந்தாலே போதுமானதாக இருக்கலாம். முயற்சிக் காலத்தில் உங்கள் பிளக்-இன்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ரீப்பர் போன்ற மென்பொருள் அதற்கு 60 நாள் தருகிறது.

கேள்வி: கீபோர்டில் நடு ‘சி’யை அழுத்தினால் பழையதில் சி3 என்று காட்டியது, புதியதில் சி4 என்று காட்டுகிறது. ஏதோ கெட்டுவிட்டதா?

பதில்: எதுவும் கெடவில்லை. மிடியில் அந்த ஸ்வரத்தின் எண் 60. அது எங்கும் மாறாது. அதற்கு இடும் பெயர்தான் மென்பொருளுக்கு மென்பொருள் வேறு.

கேள்வி: நான் மாறிவிட்டேன், என்னோடு இசையமைக்கும் நண்பர் பழைய மென்பொருளிலேயே இருக்கிறார். அண்மையில் அவர் அனுப்பிய குரல் என் பாட்டில் வேகமாகவும் சுருதி ஏறியும் ஒலித்தது. எங்கே தவறு?

பதில்: அவர் 44,100 சாம்பிள் ரேட்டில் பதிவு செய்திருக்கிறார், உங்கள் பாட்டு 48,000-இல் திறந்திருக்கிறது; உங்கள் மென்பொருள் அந்தக் கோப்பை மாற்றாமல் அப்படியே ஓட்டியிருக்கிறது. அப்போது நான்கு நிமிடக் குரல் ஏறத்தாழ 3 நிமிடம் 40 நொடியில் முடிந்துவிடும். சுருதியும் ஒன்றரை செமிடோன் அளவுக்கு ஏறிவிடும். அந்தக் கோப்பை நீக்கிவிட்டு, இறக்குமதி செய்யும்போது சாம்பிள் ரேட்டை மாற்றும் விருப்பத்தைத் தேர்ந்து மறுபடி கொண்டுவாருங்கள். நண்பர் மறுபடி பாட வேண்டியதில்லை. இனி வரும் பாட்டுகளுக்கு, ரேட்டையும் டெம்போவையும் முதலிலேயே பேசிவைத்துக்கொண்டு, பூஜ்யத்திலிருந்து தொடங்கும் வேவ் கோப்புகளை மட்டும் பரிமாறிக்கொண்டால், அவர் எந்த மென்பொருளில் இருக்கிறார் என்பதை நீங்கள் கேட்கவே தேவையிருக்காது.